ஒருநாள் நாற்காலிகள்

அப்பாதுரை: ஆபீசரம்மா போயாச்சில்ல? எழுந்திருங்க எல்லாரும். சேரையெல்லாம் வண்டில ஏத்தணும்.

வேதா: அண்ணா… ஜீப்பு இன்னும் தெருமுனையே திரும்பல. அதுக்குள்ள ஏன் இப்படி பறக்கறீங்க?

அப்பாதுரை: பந்தல்காரன் வாசல்ல நிக்கறான்மா. கீழ்பென்னாத்தூர்ல சாயங்காலம் ரிசப்ஷனாம்.

வேதா: அப்போ நாளைக்கு?

அப்பாதுரை: நாளைக்கு என்ன?

வேதா: நாங்க எதுல உக்கார்றது?

அப்பாதுரை: இத்தினி வருஷமா நின்னுக்கினுதானே துணிப்பைக்கு அச்சடிச்சீங்க? கால் கழண்டா விழுந்துடுச்சி?

வேதா: விழல. வீங்கிச்சி. எல்லம்மாக்கா கொலுசையே கழட்டி வச்சிட்டாங்க.

அப்பாதுரை: சரி, சரி… மொதல்ல இதச் சொல்லு. என்னை வெளிய அனுப்பிட்டு உங்ககிட்ட என்ன கேட்டாங்க?

வேதா: பயமா இருக்கா?

அப்பாதுரை: எனக்கா? பயமா? … சொல்லித் தொலையேன்மா! கார்த்திகை தீபத்துக்கு மஞ்சப்பை ஆர்டரு. இது போச்சுன்னா கம்பெனிக்கே பூட்டுதான். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு எவ்ளோ அலைஞ்சேன் தெரியுமா? பை நல்லா இருந்தா மட்டும் பத்தாதாம். செய்யற ஆளுங்களயும் நல்லா வச்சிக்கணுமாம். அப்பதான் கவர்மென்ட்டு வாங்குமாம்!

வேதா: அடப்பாவமே… இப்படியும் ஒரு அக்கிரமமா!

அப்பாதுரை: நக்கலு?

வேதா: ஐயோ, நான் ஏன்ணா… "வேலை செய்யறப்ப உக்கார எடம் இருக்கா"னு கேட்டாங்க.

அப்பாதுரை: நீ?

வேதா: "உக்காந்துக்கினுதானே மேடம் பேசறோம்"னேன்.

அப்பாதுரை: சபாஷ்!

வேதா: "இதெல்லாம் எப்ப வந்துச்சு"ன்னாங்க.

அப்பாதுரை: அண்ணாமலையாரே…

வேதா: "எங்க அண்ணன் செஞ்சத வெளிய சொல்லிக்கவே மாட்டாரு மேடம்"னு ஒரே போடா போட்டேன்.

அப்பாதுரை: நீ கெட்டிக்காரிம்மா! ஆர்டரு?

வேதா: உங்களுக்குத்தானாம். சொல்லிட்டுதான் போனாங்க.

அப்பாதுரை: அப்பாடா… வயித்துல பால வார்த்த! எல்லாருக்கும் இன்னைக்கு போண்டா, டீ என் செலவு. இப்ப எழுந்திரு. அந்தச் சேர் கவரு கசங்காம கழட்டு.

வேதா: கவரு கழட்டலாம்ணா. சேருதான்…

அப்பாதுரை: நகரும்மா, நானே கழட்டறேன். … ஏய்! என்னாது இது? பந்தல் கடை பேரு இருந்த எடத்துல "வேதா"ன்னு போட்டிருக்கு! அதுல "எல்லம்மாள்"! இது யாரு செஞ்ச வேலை?

வேதா: பைக்கு அச்சடிக்கற மை தாண்ணா, கொஞ்சம் மிச்சம் இருந்துச்சி. "ஆளுக்கொரு சேரு எங்க அண்ணன் சொந்தமா வாங்கிக் குடுத்துட்டாரு"ன்னோம். மேடத்துக்குக் கண்ணே கலங்கிடுச்சி. கவரத் தூக்கி, பேரு தெரியற மாதிரி போட்டோ எடுத்துக்கினாங்க. இனிமே அப்பப்ப சொல்லாம கொள்ளாம வந்து பாப்பாங்களாம். … அந்தப் பந்தல்காரர உள்ள கூப்புடுங்க, வெல பேசிடலாம்.