சந்தனம் பூசிய பூட்டு

உப்பளம் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வரிசை. வண்டி இன்னும் வரவில்லை. என் காது முன்னால் நின்ற இரண்டு பெண்களிடம் போய்விட்டது. இளையவள் சினிமாக் கொட்டகையில் கூட்டிப் பெருக்குகிறவள் போல.

"அந்தப் பூட்டு இப்ப சாமியாயிடுச்சுக்கா" என்றாள்.

"எந்தப் பூட்டுடி?"

"எங்க மொதலாளி படம் எடுக்குறேன்னு ஊர் பணத்த வாங்கி ஏமாத்திட்டாருன்னு கேஸ் போட்டாங்கல்ல? அப்ப அவரு ஆபீஸ் ரூமப் பூட்டி அரக்கு சீல் வெச்சாங்களே, அது."

"அத இன்னுமா தொறக்கல?"

"யாரு வந்து தொறக்குறது? ஆயுத பூஜைக்குப் படம் ஓட்டுற மிஷினுக்கு சந்தனம், குங்குமம் வெக்கும்போது ஆபரேட்டரு அதுக்கும் வெச்சு மாலை போட்டாரு. வருசா வருசம் பூசி இப்ப சீலே தெரியல. படம் பாக்க வர்றவங்க தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறாங்க."

"அடேங்கப்பா! மொதலாளி?"

"அவரும் கும்புட்டுட்டுத்தான் பக்கத்து ரூம்ல போய் ஒக்கார்றாரு."

மூத்தவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "கேஸ் பாக்குற ஆபீசருங்க யாரும் வர்றதில்லயா?"

"போன வாரம் ஒருத்தரு வந்தாரு. சீல் ஒழுங்கா இருக்கான்னு பாக்கணும்னாரு."

"பாத்தாரா?"

"செருப்பக் கழட்டிட்டுக் கிட்டப் போனாரு. அதுல இருந்த குங்குமத்தத் தொட்டு நெத்தியில வெச்சுக்கிட்டுப் போயிட்டாரு."