ரப்பர் கூடத்தில் ஆணி அடித்த ஜன்னல்கள்

செல்வத்தின் சட்டைக் காலரைப் பிடித்து இழுக்கிறேன். இருபது வயது மகன். புகையில் மயங்கிக் கனக்கிறான். வாசல் பத்தடிதான். தெரியவில்லை. பின்னால் சடசடவென்று சத்தம். ரப்பர் பூசிய ஈரத் துணி மேலேயே நெருப்பு ஓடி வருகிறது.

"ஜன்னலைத் திறங்க! ஜன்னலைத் திறங்க!" மாரியப்பன் கத்துகிறார்.

ஜன்னல் திறக்காது. எனக்குத் தெரியும்.

கார்கில் சண்டை நடந்த ஆனி மாதம். மதுரைப் பக்கம் பரவை ஊரைத் தாண்டி வயலுக்கு நடுவே எங்கள் கம்பெனி. பெட்ரோல் மாதிரி வாடையடிக்கும் திரவத்தில் ரப்பரைக் கரைப்போம். துணியில் ஊற்றி, நீளக் கத்தியால் வழித்து, சூட்டில் உலர்த்துவோம். பிறகு தண்ணீர் இறங்காது. எப்போதும் பருத்தித் துணிதான். அந்த மாதம் ராணுவத்துக்கு மழைக்கோட்டுத் துணி அவசரமாகக் கேட்டார்கள். நைலான் வந்தது. இயந்திரத்தில் துணி ஏற்றுகிறவன் செல்வம். நான்தான் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். கண் முன்னாலேயே இருக்கட்டும் என்று.

நான் வேதியியல் படித்தவள். பூசிய துணியைச் சோதித்து அனுப்புவது என் வேலை. அதே மேசையில் என்னோடு ஜெயா. ஆனிக் காற்று புழுதியை அள்ளி வந்தது. ஈரப் பூச்சில் புள்ளி புள்ளியாக ஒட்டியது. அனுப்பிய துணி திரும்பி வந்தது. ஜன்னல்களைச் சாத்தி, மேலே பாலித்தீன் தாள் வைத்து ஆணி அடிக்கச் சொன்னேன்.

மாரியப்பன் கத்தி பிடிக்கிறவர். சிரித்தார்.

"டீச்சரம்மா, துணியோட சேத்து எங்களையும் அவிக்கப் போறீகளா?" கம்பெனியில் எனக்கு அதுதான் பெயர்.

"ரெண்டு நாளைக்குத்தாண்ணே. காத்து அடங்கட்டும்."

"அம்புட்டு வாடையும் உள்ளயே நிக்கும்மா." செல்வத்தின் பக்கம் திரும்பினார். "மாப்ள, நான் மயங்கி விழுந்தா உங்கம்மாதான் சோடா வாங்கித் தரணும். சொல்லிப்புட்டேன்."

வாடை என்றால் ஆவி. ஆவி தீப்பிடிக்கும். நைலான் உரசினால் பொறி பறக்கும். இரண்டும் நான் படித்தவை. காலையிலிருந்து துணி உருளும்போதெல்லாம் அந்த மின்னேற்றத்தில் கை முடி எழுந்து நின்றது. பார்த்தேன். நிறுத்தச் சொல்லவில்லை. சாயங்காலம் துணி ஏற்ற லாரி வருகிறது.

மதியச் சாப்பாடு முடிந்தது. இயந்திரம் ஓடத் தொடங்கியது. படக். விரல் சொடுக்கும் அளவு சத்தம். பிறகு பெரிய மூச்சு விட்ட மாதிரி ஒன்று. கூரை வரை நீல நெருப்பு.

"ஓடுங்க! ஓடுங்க!"

செல்வத்திடம் ஓடினேன். காலரைப் பிடித்தேன். திரும்பும்போது ஒரு கை என் முந்தானையைப் பிடிக்கிறது. ஜெயா. தரையில் கிடக்கிறாள். "அக்கா" என்கிறாள். உதறுகிறேன். துணி கிழிகிறது. அவள் கையை நான் பார்த்தேன். முகத்தையும் பார்த்தேன்.

வெளியே வரப்பு. செல்வம் இருமி இருமிக் கண் திறந்தான்.

"ஜெயாக்கா எங்கம்மா?"

"வாரா. பின்னாடியே வாரா."

வந்தாள். மாரியப்பன் ஜன்னலை விட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். அவளைத் தூக்கி வாசலுக்கு வெளியே தள்ளினார். அவர் மேல் கூரைத் தகரம் இறங்கியது.

விசாரிக்க வந்தவர்கள் மின்கசிவு என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஜன்னலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இழந்தது இவ்வளவு. மாரியப்பன், உசிலம்பட்டிக்காரர். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். இளையவள் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். ஜெயாவின் வலது கையில் நான்கு விரல்கள். இடது கண். நிச்சயம் முடிந்திருந்த அவளுடைய கல்யாணம்.

செல்வத்துக்கு ஒரு கொப்புளம்கூட இல்லை. எனக்கும் இல்லை.