பொம்மைக்கு ரத்த சோகை

எனக்குச் சின்ன வயதிலிருந்தே படுத்துக்கிடப்பது பிடிக்கும். அது குற்றமில்லை என்று விசாரணைக் குழுவும் ஒப்புக்கொள்ளும்.

பொறியியல் கடைசி வருடத்தில் நானும் என் நண்பன் குச்சியும் சேர்ந்து, செவிலியர் மாணவிகள் பழகுவதற்காக ஒரு பேசும் நோயாளிப் பொம்மை செய்தோம். ரப்பர் முகம், துடிக்கும் நாடி, முனகல் எல்லாம் உண்டு. பொம்மையில் ஒரு குறையும் இல்லை. குழு குச்சியின் மதிப்பெண்ணில் கை வைத்துவிட வேண்டாம்.

முதல் நாள் ஒரு மாணவி பொம்மையின் நெற்றியைத் தடவி, "ரொம்ப வலிக்குதாண்ணா? கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்றாள். பயிற்சி அறையின் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தின வாரம்தான் எனக்குக் காய்ச்சல். வீட்டுக்குப் போன் செய்தேன். "படுத்துட்டா அட்டெண்டன்ஸ் போயிடுமேடா" என்றார் அப்பா.

மறுநாள் பொம்மை பீரோவுக்குள் இருந்தது. அதன் ரப்பர் முகத்தை மாட்டிக்கொண்டு நான் கட்டிலில் இருந்தேன்.

அடுத்த அறையில் கணினியின் முன் இருந்த குச்சிக்கு, தான் எழுதிக் கொடுக்காததையெல்லாம் பொம்மை பேசுவது கேட்டது. "தானாவே கத்துக்குதுடா" என்று போனில் என்னிடம் அழுதான். நான் போர்வைக்குள்ளிருந்து மெதுவாக வாழ்த்துச் சொன்னேன். அவ்வளவு சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் எங்களுக்கு முதல் பரிசு. எனக்கு வயிற்றுப்போக்கு, வர முடியாது என்று குச்சியிடம் சொல்லிவிட்டு, பொம்மையாக மேடையில் படுத்திருந்தேன். நடுவர் ஒருவர் ஊசியால் குத்திப் பார்த்தார். நான் அசையவில்லை. "வேர்க்குதே, எப்படி?" என்றார். குச்சி வெகுநேரம் விளக்கினான்.

பிறகு தேர்வு வந்தது. எனக்கு இடது கால் முறிந்திருப்பதாகக் கணக்கு. முதல் நாள் நெற்றியைத் தடவிய அந்த மாணவி வலது காலில் கட்டுப் போட்டுவிட்டு, "இப்ப எப்படிண்ணா இருக்கு?" என்றாள்.

"சரியாயிடுச்சும்மா" என்றேன்.

நோயாளியே சொன்ன பிறகு தேர்வாளர் என்ன செய்வார்? மதிப்பெண் போட்டார். அடுத்து வந்தவள் இருமல் மருந்தைக் காதில் ஊற்றினாள். எனக்கு இருமல் நின்றது. அத்தனை பரிவாகக் கேட்பவர்களிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? வகுப்பு முழுவதும் முதல் வகுப்பில் தேறியது. வாசலில் பேனர் கட்டினார்கள். இப்போது அத்தனை பேரும் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார்கள். அங்கே நோயாளிகள் ஏதோ குறை சொல்வதாகக் கேள்வி. சொல்பவர்கள் எங்கும் சொல்வார்கள்.

புதிதாகச் சேர்ந்த மாணவிகள் ரத்தம் எடுத்துப் பழகியபோதுதான் நான் மாட்டினேன். பொம்மைக்கு ரத்த சோகை என்று ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. அப்போதும் குச்சி, "அதையும் தானாவே கத்துக்கிச்சு சார்" என்றான்.

"நல்லா ஓடுற பொம்மையை ஏம்ப்பா பீரோவுல வச்சே?" என்று குழுத் தலைவி அம்மா கேட்டார். மாணவிகளின் நன்மைக்காக என்றேன். எனக்கென்று அதில் எதுவும் இல்லை. இப்போதும் அவர்கள் மேல் எனக்குப் பொறுப்பு இருக்கிறது. அதனால்தான் அந்த ஆஸ்பத்திரியில், வலது காலில் கட்டுப் போட்ட அந்தப் பெண் வேலை பார்க்கும் வார்டிலேயே, இன்று மாலைக்கு ஒரு படுக்கை சொல்லி வைத்திருக்கிறேன். என்ன நோய் என்பதை அவளே பார்த்து முடிவு செய்யட்டும்.