வராத ஆளுக்குப் பதிலாக

நவம்பர் மாதம், பதினேழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலை முதல் வானம் மேகமூட்டத்துடன் காணப்பட்டது. மழை பெய்யவில்லை, ஆயினும் ஈரக்காற்று இடைவிடாது வீசிற்று. ஊர் மண்டபத்தில் கூட்டம்; வாசலில் அண்ணியும் கொழுந்தனும் நின்றனர்.

அண்ணி: இன்னொரு தடவை முதல்லேர்ந்து சொல்லு, பாப்போம்.

கொழுந்தன்: வணக்கம். எனக்கு வீடு இல்லை.

அண்ணி: என்னப்பா இது, சாப்பிடக் கூப்பிட்டா பசி இல்லைன்னு சொல்ற மாதிரி சொல்றே? கொஞ்சமாவது தொண்டை கம்ம வேண்டாமா?

கொழுந்தன்: அண்ணி, நான் லிஃப்ட் மெக்கானிக். நடிப்பெல்லாம் எனக்கு வராது. நான் கிளம்பறேன்.

அண்ணி: கிளம்பு. போற வழியில மண்டபத்துக்குள்ள நுழைஞ்சு, சுவத்துல ஒட்டியிருக்கிற எங்க மேஜைச் சீட்டையும் கிழிச்சுப் போட்டுட்டுப் போ.

கொழுந்தன்: ஏன் இப்படிப் பேசறீங்க... சரி, அந்த விதிமுறையை இன்னொரு வாட்டி சொல்லுங்க. அவசரத்துல ஃபோன்ல ஒண்ணும் புரியலை.

அண்ணி: வீடில்லாதவங்களுக்கு என்ன செய்யலாம்னு எல்லாரும் கூடி யோசிக்கிறோம். ஒரு மேஜைக்கு ஒரு யோசனை. அதைச் சீட்டுல எழுதிச் சுவத்துல ஒட்டணும். வாக்கெடுப்புக்கு முன்னாடி, வீடில்லாம இருந்து பாத்த ஒருத்தர் எழுந்து, இது எங்களுக்கு உதவும்னு சொல்லணும். யாரும் சொல்லலைன்னா சீட்டை எடுத்துடுவாங்க.

கொழுந்தன்: உங்க மேஜைக்குச் சொல்ல வேண்டிய ஆள் வரலை.

அண்ணி: வரலை. ஃபோனும் எடுக்கலை. கடைத்தெருவுல மாடி ரூம் நாலு பூட்டிக் கிடக்கு. வாக்கு விழுந்தா திறந்து விடறோம்னு வியாபாரிங்க சங்கத்துல வாய்விட்டுச் சொல்லிட்டாங்க. விழலைன்னா அவ்வளவுதான். இன்னொரு தடவை அவங்க வாயிலேர்ந்து அதை வரவழைக்க முடியாது.

கொழுந்தன்: மத்த மேஜைக்காரங்க என்ன யோசிச்சாங்க?

அண்ணி: அஞ்சாம் மேஜை, செல்ஃபோன்ல ஒரு ஆப். எங்க இடம் காலியா இருக்குன்னு அது காட்டுமாம்.

கொழுந்தன்: சார்ஜ் எங்க போடுவாங்களாம்?

அண்ணி: ...இதை நான் யோசிக்கவே இல்லையே.

கொழுந்தன்: சும்மா... தோணிச்சு.

அமைப்பாளர்: அம்மையீர், தங்கள் மேஜையின் முறை நெருங்கிக்கொண்டிருக்கிறது. அனுபவம் உடைய நண்பர் வந்துவிட்டாரா?

அண்ணி: வந்துட்டாருங்க. இவர்தான்.

அமைப்பாளர்: நல்வரவு, ஐயா. தாங்கள் வாழிடமின்றி எத்துணைக் காலம்...

அண்ணி: அதை உள்ள வந்து சொல்லுவாருங்க! மனசைத் திடப்படுத்திக்கிட்டு இருக்காரு.

அமைப்பாளர்: நன்று. ஆறாம் மேஜையினர் பேசி முடித்தவுடன் அழைக்கிறேன்.

கொழுந்தன்: இவர் வீட்லயும் இப்படித்தான் பேசுவாரா? உப்பு கொஞ்சம் குறைவாகக் காணப்படுகிறதுன்னு?

அண்ணி: சிரிக்காதே. நேரமில்லை. அடுத்து என்ன சொல்லுவே?

கொழுந்தன்: ராத்திரி நடைபாதையில படுத்துக்குவேன்.

அண்ணி: ம்ம்.

கொழுந்தன்: இது வேண்டாம் அண்ணி. இப்படிச் சொன்னா யாரும் நம்பமாட்டாங்க. வேலைக்குப் போற சட்டை போட்டிருக்கேன், பாருங்க. இஸ்திரி மடிப்பு கலையலை.

அண்ணி: அப்ப நீ என்ன சொல்லுவே?

கொழுந்தன்: வேலைக்குப் போற ஆள்னே சொல்லலாம். பகல்ல ஒரு வித்தியாசமும் தெரியாது. சாயங்காலம் ஆனாத்தான்... எல்லாரும் வீட்டுக்குக் கிளம்புவாங்கல்ல, அப்பதான் தெரியும். எனக்கு இன்னும் வேலை பாக்கி இருக்கு, நீங்க போங்கன்னு சொல்லிட்டு நிக்கணும். ஏன் அண்ணி அப்படிப் பாக்கறீங்க? நல்லா இல்லையா?

அண்ணி: நல்லாத்தான் இருக்கு. மேல சொல்லு.

கொழுந்தன்: இருங்க. ஐயையோ... கதவு வழியா உள்ள பாருங்க. மூணாம் மேஜை, சிவப்புச் சட்டை.

அண்ணி: யாரு அவரு?

கொழுந்தன்: அடுக்குமாடிக் கட்டடத்துச் செயலாளர். அவங்க லிஃப்டை நான்தான் பாத்துக்கறேன். என்னை நல்லாத் தெரியும். என்னால முடியாது அண்ணி, ஆளை விடுங்க.

அண்ணி: தெரிஞ்சா என்ன? வேலை இருக்கிறவனுக்கு வீடு இல்லாம இருக்கக் கூடாதா? இப்ப நீயே சொன்னியே.

கொழுந்தன்: அவர் எழுந்து, இவன் பொய் சொல்றான்னு சொல்லிட்டா? உங்க மானம் போகும். அந்த நாலு ரூமும் போகும்.

அண்ணி: பொய்யின்னு அவர் சொல்லுவாருன்னுதான் பயப்படறியா?

கொழுந்தன்: வேற என்ன?

அண்ணி: ஒண்ணுமில்லை. கேட்டேன்.

கொழுந்தன்: அண்ணனுக்குத் தெரியுமா, நீங்க என்னைக் கூப்பிட்டது?

அண்ணி: அவர் பேச்சை இப்ப எதுக்கு எடுக்கறே?

கொழுந்தன்: அவர் பொறுப்பேத்து வாங்கிக் குடுத்த வேலையை நான் உதறிட்டு வந்தேன். அதனால அவர் அந்த முதலாளி முன்னாடி தலைகுனிஞ்சு நின்னாரு. இனிமே என் வாசப்படி ஏறாதேன்னாரு, நானும் ஏறலை. இப்ப ஊர் முன்னாடி நின்னு எனக்கு வீடில்லைன்னு நான் நடிச்சேன்னு அவர் காதுல விழுந்தா, அண்ணன் மானத்தை வாங்கவே இவன் அலையறான்னு நினைப்பாரு.

அண்ணி: நினைச்சா நான் பாத்துக்கறேன்.

அமைப்பாளர்: ஏழாம் மேஜை! ஏழாம் மேஜையினர் அவைக்கு வருக!

அண்ணி: தம்பி, உன் கையைப் பிடிச்சுக் கேக்கறேன். சிவப்புச் சட்டையைப் பாக்காதே. என்னைப் பாத்துப் பேசு.

கொழுந்தன்: அண்ணி...

அண்ணி: நட.

அமைப்பாளர்: அவையோர் அமைதி காக்க. கடைகளின் மேல்தளத்தில் பூட்டிக் கிடக்கும் நான்கு அறைகளை, வாழிடமற்றோருக்குத் திறந்துவிடுதல் என்பது ஏழாம் மேஜையின் யோசனை. இதனை வழிமொழிய நண்பர் ஒருவர் வந்துள்ளார். பேசுக, ஐயா. ஒலிவாங்கியைச் சற்று அருகில் பிடியுங்கள்.

கொழுந்தன்: வணக்கம். எனக்கு... வீடு இல்லை. வேலை இருக்கு. அட்வான்ஸை ஏத்திக் கேட்டாங்க, இல்லைன்னேன், காலி பண்ணச் சொன்னாங்க. அவ்வளவுதான். பெரிய கதை ஒண்ணும் இல்லைங்க.

அமைப்பாளர்: தொடர்க. இரவில் எங்குத் தங்குகிறீர்கள்?

கொழுந்தன்: ஒரு கட்டடத்து உச்சியில... மொட்டைமாடியை ஒட்டி ஒரு சின்ன ரூம். நிமிந்து நிக்க முடியாது. எண்ணெய் வாடை. கீழ எல்லாரும் தூங்கினப்புறம்தான் சத்தம் அடங்கும். கண் அசரும்போது யாராவது நேரங்கழிச்சு வீட்டுக்கு வருவாங்க. உடனே தலைமாட்டுல இரும்புக் கயிறு கடகடன்னு ஓடும். ஒருத்தர் வீடு போய்ச் சேந்துட்டாருன்னு நினைச்சுக்குவேன்...

அமைப்பாளர்: சற்றுப் பொறுங்கள். சிவப்புச் சட்டை அணிந்த அன்பர் கை உயர்த்துகிறார். கேளுங்கள், ஐயா... அது எந்தக் கட்டடம் என்று வினவுகிறார்.

கொழுந்தன்: அது... வந்து...

அண்ணி: பேசறவரோட இடத்தை யாரும் விசாரிக்கக் கூடாதுன்னு நீங்கதானே காலையில மைக்ல படிச்சீங்க?

அமைப்பாளர்: ஆம், ஆம். அது நம் விதி. அன்பரே, அருள்கூர்ந்து அமர்க. ஐயா, இறுதியாக ஒன்று. அறை கிடைத்தால் தங்களுக்கு உதவுமா?

கொழுந்தன்: உதவும். உள்ளேர்ந்து தாழ்ப்பாள் போட முடிஞ்சாப் போதும். போதுங்க. என்னால இதுக்கு மேல...

அமைப்பாளர்: நன்றி. இனி வாக்கெடுப்பு. ஆதரிப்போர் கை உயர்த்துக... பெரும்பான்மை. ஏழாம் மேஜையின் யோசனை ஏற்கப்பட்டது!

அண்ணி: வா, இப்படி நடைவழிக்கு வா. முதல்ல இந்தத் தண்ணியைக் குடி.

கொழுந்தன்: குடிக்கறேன். நடிப்பு எப்படி? தொண்டை கம்மிச்சா?

அண்ணி: கம்மிச்சு.

கொழுந்தன்: நாலு ரூமும் கிடைச்சாச்சு. நான் வரேன் அண்ணி. அவசரமாப் போகணும்.

அண்ணி: எங்க இவ்வளவு அவசரம்?

கொழுந்தன்: சிவப்புச் சட்டை வாக்கெடுப்பு நடக்கும்போதே எழுந்து வெளிய போயிட்டாரு. கவனிச்சீங்களா? ஃபோன் பேசிக்கிட்டே போனாரு. இந்நேரம் காவலாளிகிட்ட பூட்டை மாத்தச் சொல்லியிருப்பாரு.

அண்ணி: எந்தப் பூட்டை?

கொழுந்தன்: அவங்க மொட்டைமாடியில இருக்கிற லிஃப்ட் மோட்டார் ரூம் பூட்டு. என் பை உள்ள இருக்கு அண்ணி. துணி, போர்வை... எல்லாம்.

அண்ணி: ம்ம்.

கொழுந்தன்: அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம். வேலை போனாலும் போகட்டும், வேற பாத்துக்கறேன். அவருக்கு மட்டும் தெரியக் கூடாது.

அண்ணி: இப்பக் கிடைச்ச நாலு ரூம்ல ஒண்ணுக்கு நீ பேர் குடுக்கலாம்ல?

கொழுந்தன்: வராம போன அந்த மனுஷனுக்குச் சேர வேண்டியது அது. அவன் இடத்துல நின்னு நான் பொய் சொல்லிட்டு, ரூமையும் நானே எடுத்துக்கறதா? முதல்ல அவனைக் கண்டுபிடிங்க. நம்பரைக் குடுங்க, நானே பேசறேன்.

அண்ணி: நம்பர் உன் பாக்கெட்ல இருக்கிற ஃபோனோடதுதான்பா. வேற ஆளே கிடையாது. நீ வாடகைக்கு இருந்த வீட்டு ஓனரம்மா எங்க மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கண்ணாடி மாத்த வந்தாங்க, நீ காலி பண்ணி ரெண்டு மாசம் ஆச்சுன்னாங்க. நேரா கேட்டா நீ மழுப்புவே. நடிக்கச் சொன்னாத்தான் உண்மை வரும்னு உன் பேரைக் குடுத்தோம். இந்த யோசனை என்னுது இல்லை, உங்கண்ணனோடது. நீ பேசி முடிக்கிற வரைக்கும் அவர் கடைசி வரிசையில தலையைக் குனிஞ்சுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தாரு. எந்தக் கட்டடம்னு அவருக்கும் புரிஞ்சுபோச்சு; எனக்குச் சாடை காட்டிட்டு, அந்தச் சிவப்புச் சட்டைக்குப் பின்னாலயே எழுந்து போனாரு, உன் பையை எடுத்துட்டு வரத்தான்.

அப்பொழுது மாலை மணி ஐந்து பதினெட்டு.