என் பேர் ஒன்று போதும்

— மச்சான் பேரை நாளைக்கு எடுத்தா ஆகாதா மாமா?

— ஆகாது மாப்ள. ஆபீசும் வேணாம், வீடும் வேணாம்னு அப்பன் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வெளிநாடு போறவன், அங்க உக்காந்துகிட்டே இந்த நெட்வொர்க் ஸ்விட்சைப் பூட்டமாட்டான்னு என்ன நிச்சயம்? மொத்த ஒயரும் இந்தப் பொட்டிக்குள்ளதானே வந்து சேருது? கதவைச் சாத்திட்டு உக்காருங்க, ஏசி வெளிய போகுது.

— அவர் அப்படிப்பட்ட ஆள் இல்ல.

— என் புள்ளைய எனக்கே அறிமுகப்படுத்தாதீங்க. மத்தியானம் பூரா போன் மேல போன்.

— பேசிட்டீங்கள்ல?

— பேசாம? எடுங்க அவன் பேரை.

— இதுல மூணே பேர்தான் இருக்கு. உங்களுக்கும் எனக்கும் முழு அதிகாரம். மச்சான் பார்க்க மட்டும்தான் முடியும், எதையும் மாத்த முடியாது.

— அவன் அதிகாரத்தை யார் குறைச்சது?

— அவரேதான், காலையில. உங்க பேரைப் புதுசா ஏத்தினதும் அவர்தான்.

— நடிப்பு. சின்ன வயசுலேருந்து பார்க்கறேன். எடுங்க.

— எடுத்தாச்சு.

— இப்ப உங்க பேர்.

— என் பேரா?

— பெத்த புள்ளையையே நம்பல. பொண்ணைக் கட்டினவரை மட்டும் நம்பிடுவேனா?

— சரி. ஆனா அப்புறம் உங்க பாஸ்வேர்டு இல்லாம யாரும் உள்ள போக முடியாது. அது இல்லேன்னா பொட்டியையே துடைச்சு முதல்லேருந்து கட்டணும். பில்லு, கேமரா, கேட்டு எல்லாம் படுத்துடும். பாஸ்வேர்டு தெரியும்ல?

— எல்லாம் தெரியும். வேலையைப் பாருங்க.

— என் பேரையும் எடுத்துட்டேன். இந்த ஸ்கிரீன்லேருந்து வெளிய வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை அடிச்சுப் பாருங்களேன்.

— உங்க கண்ணு முன்னாடியா? நல்லா இருக்கே கதை. சேமிச்சுட்டு வெளிய வாங்க.

— வந்தாச்சு. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கறேன், இப்ப அடிங்க... என்ன மாமா, கீ தட்டற சத்தத்தையே காணோம்?

— உங்க பாஸ்வேர்டை அடிச்சா போகாதா?

— இப்பதானே என் பேரை எடுக்கச் சொன்னீங்க? மச்சான் போன்ல சொன்னாரே, அதை அடிங்க.

— எங்க சொன்னான்? நான் எடுத்தாத்தானே? கெஞ்சத்தான் கூப்பிடறான்னு நம்பரையே பிளாக் பண்ணிட்டேன்.

— உங்க பேருக்கு அவர் வச்ச பாஸ்வேர்டைச் சொல்லத்தான் மாமா கூப்பிட்டிருக்கார். எங்கிட்டகூட சொல்லல. "அப்பா யாரையும் நம்பமாட்டார், அவர் காதுல மட்டும்தான் போடுவேன்"னார்.