அடுத்த வில்லை

— அந்த மெஷினை நிறுத்துங்க முதல்ல. நான் பேசுறது காதுல விழுதா, இல்ல ரம்பத்தோட மட்டும்தான் உங்களுக்குப் பேச்சா?

— கல்லு பாதி அறுபட்டு நிக்குது. இப்ப நிறுத்தினா கோடு விழும். அங்கிருந்தே சொல்லு.

— விழட்டும். முப்பது வருஷமா உங்க ரம்பம் போட்ட கோட்டையெல்லாம் யாரு தேய்ச்சு எடுக்குறா? கட்டின பொண்டாட்டிதானே. இதையும் நானே தேய்ச்சுக்குறேன்.

— சரி சரி. நிறுத்தியாச்சு. கண் டாக்டர் என்ன சொன்னாரு?

— கண்ணு நல்லாத்தான் இருக்காம். அரை மில்லி கனத்துக் கல்லுல மயிரிழை விரிசலைப் பிடிக்கிற கண்ணு, அதுக்கென்ன கேடு. அதுதான் இப்ப வம்பாப் போச்சு. கையை ஈரம் போகத் துடைச்சுட்டு இதைப் பாருங்க.

— வாட்ச்சு.

— வாட்ச்சுன்னு எனக்குத் தெரியாதா? டயலைப் பாருங்க.

— மாலகைட்டுக் கல்லு. வளையம் நல்லா விழுந்திருக்கு. எங்க வாங்கின?

— கண்ணாஸ்பத்திரிக்கு எதிர்ல பழைய வாட்ச்சுக் கடை ஒண்ணு இருக்கு. டோக்கன் எடுத்துட்டு, நேரம் போகணுமேன்னு வேடிக்கை பாத்துட்டு நின்னேன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள உக்காந்துக்கிட்டு இது என்னையே பாக்குது.

— பச்சைக் கல்லு டயல் ஊருக்கு ஆயிரம் கெடக்கு.

— யார்கிட்ட சொல்றீங்க? ஒரே கட்டியில அடுத்தடுத்து அறுத்த வில்லை ரெண்டுதான் ஒண்ணு போல இருக்கும், மத்தபடி உலகம் பூரா தேடினாலும் ஜோடி கிடைக்காதுன்னு வர்றவங்ககிட்ட எல்லாம் பீத்திக்கிறது நீங்கதானே? இந்தாங்க, என் வாட்ச்சைக் கழட்டிப் பக்கத்துல வைக்கிறேன். எண்ணுங்க. நடு ஓட்டையைச் சுத்தி இதுல ஒம்பது வளையம், அதுல ஒம்பது. நாலு மணிக்கிட்ட ஒரு கறுப்புப் புள்ளி. என்னோடதுல கடுகு, அதுல மிளகு. ஒரு மில்லி கீழ இறங்கினா புள்ளி அவ்வளவு பெருக்கும். சரியா?

— ம்.

— ம்முன்னா?

— அடுத்த வில்லைதான்.

— நம்ம புள்ளையோட வாட்ச்சு.

— இருக்கலாம்.

— இருக்கலாமாம்! அவன் இருபத்தோராவது பொறந்த நாளைக்கு நீங்க அறுத்து, நான் தேய்ச்சு, நானும் அவனும் ஆளுக்கு ஒண்ணாக் கட்டிக்கிட்டோம். வீட்டை விட்டுப் போன அன்னைக்கு அவன் கையில இருந்தது இது ஒண்ணுதான். மாத்துச் சட்டை கூட எடுக்கல. ஆறு வருஷம் ஆச்சு. இதையே வித்திருக்கான்னா புள்ளை அங்க என்ன பாடு படுறானோ.

— கஷ்டம்னு ஒரு நாளும் சொல்லலையே அவன்.

— மெசேஜைச் சொல்றீங்களா? நல்லா இருக்கேம்மா, வேலை நல்லாப் போகுதும்மா. மாசத்துக்கு ஒண்ணு. கூப்பிட்டா எடுக்குறது கிடையாது. நான் முடிவு பண்ணிட்டேங்க. கடை முதலாளி இன்னைக்கு வரல, கடையில இருந்த பொண்ணுக்கு ஒண்ணும் தெரியல. ஆனா வித்தவங்க பேரு, விலாசம் எல்லாம் நோட்டுல எழுதி வாங்குவாங்களாம். நாளைக்குக் காலையில போறேன். விலாசத்தை வாங்கிட்டு நேரா அவன்கிட்டயே போறேன்.

— போக வேண்டாம்.

— ஏன்?

— வேண்டாம்னா வேண்டாம். வித்துட்டு வேற ஊருக்குப் போயிருப்பான். எங்க போய்த் தேடுவ?

— வித்தவன் கண்ணாஸ்பத்திரி வரைக்கும் வந்திருக்கான்ல? அங்கிருந்து பஸ்ஸுல அரை மணி நேரம் நம்ம வீடு. வாசல் வரைக்கும் வந்து நின்னுட்டுக் கூடப் போயிருப்பான். எல்லாம் உங்க வாயால வந்தது. ஓட்டை போடுறப்ப பதினோரு டயலை உடைச்சுட்டான். கல்லுன்னா உடையத்தான் செய்யும், நீங்க உடைக்காத கல்லா? அதுக்குப் போய், என் கண்ணு முன்னால நிக்காத, எங்கயாவது போய்த் தொலைன்னு தொட்டித் தண்ணியை மொண்டு மூஞ்சியில அடிச்சீங்க. கல்லுத்தூளோட பச்சையா வழிஞ்சுது. துடைக்கக் கூட இல்ல. அப்படியே படி இறங்கிப் போனான்.

— எனக்கு மறக்கல. நீ சொல்லிக் காட்ட வேண்டாம்.

— காட்டுவேன். நாளைக்கு நீங்களும் வாங்க. அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு, தெரியாம சொல்லிட்டேன்டா, வீட்டுக்கு வாடான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க கிரீடம் ஒண்ணும் கழண்டு விழுந்துடாது. மாடி ரூமை நான் பெருக்கித்தான் வச்சிருக்கேன்.

— வித்தது நான்.

— என்ன?

— அந்தக் கடையில குடுத்தது நான். நோட்டுல என் பேருதான் இருக்கும்.

— நீங்களா? உங்க கைக்கு எப்படி வந்துச்சு? அவனைப் பாத்தீங்களா? எப்பப் பாத்தீங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல? நீங்க குடுத்த வாட்ச்சே வேண்டாம்னு கழட்டி எறிஞ்சுட்டானா?

— உக்காரு.

— நிக்கிறேன். சொல்லுங்க.

— உக்காரும்மா. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கோ.

— அம்மான்னு நீங்க என்னைக் கூப்பிட்டது ஆப்பரேஷனுக்கு உள்ள தள்ளிட்டுப் போனப்பதான்.

— அப்பதான். நெஞ்சுல தையல் போட்டு நீ படுத்திருந்த. மூணாம் நாள் எனக்குப் போன் வந்துச்சு.

— கல்லு வாங்கப் போறேன்னு கிளம்பினீங்களே. உங்க தங்கச்சியைக் காவலுக்கு வச்சுட்டு. மூணு நாள் கழிச்சு வெறுங்கையோட வந்து நின்னீங்க. நல்ல கல்லா அமையலைன்னீங்க.

— ஆமா.

— எங்க போனீங்க?

— கட்டட வேலைக்குப் போயிருக்கான். நாலாவது மாடியில நின்னிருக்கான். சாரம் சரிஞ்சிருச்சு. அவனும் இன்னும் ரெண்டு பேரும். அவன் பையில இருந்ததையும் இந்த வாட்ச்சையும் ஒரு கவர்ல போட்டு என் கையில குடுத்தாங்க. கண்ணாடி தூள் தூளாப் போயிருந்துச்சு. கல்லுக்கு ஒரு கீறல் இல்ல.

— இல்ல.

— என்னைப் பாரு.

— இல்லங்க. அது வேற எவனாவது இருக்கும். வாட்ச்சைக் கழட்டி யாருக்காவது குடுத்திருப்பான். யாரு கேட்டாலும் குடுத்துடுவான், அவனுக்கு எதையும் வச்சுக்கத் தெரியாது.

— முகத்தைப் பாத்தேம்மா.

— பையில என்ன இருந்துச்சு?

— ஒரு சீப்பு. அரைப் பென்சில்.

— அவனுக்கு எதுக்குச் சீப்பு? சீவவே மாட்டானே. சீவு சீவுன்னு நான் கத்தாத நாள் கிடையாதே.

— வகிடு எடுத்துச் சீவியிருந்தான்.

— நீங்க மட்டுமா நின்னீங்க, அவன் பக்கத்துல?

— நானும், கூட வேலை பாத்த நாலு பசங்களும்.

— என்னைக் கட்டிலோட தூக்கிட்டுப் போயிருக்கலாமே. செத்தா அங்கயே செத்துட்டுப் போறேன். நான் பெத்தவ இல்லையா?

— ஒரு சின்ன அதிர்ச்சி கூட ஆகாதுன்னாரு டாக்டர். தையல் பிரிக்கட்டும்னு இருந்தேன். பிரிச்சாங்க. எந்திரிச்சு நடக்கட்டும்னு இருந்தேன். நடந்த. திரும்பவும் பாலிஷ் சக்கரத்துக்கிட்ட உக்காந்து நீயா ஏதோ பாட்டு முணுமுணுத்த. அன்னைக்குச் சொல்லிடணும்னுதான் பின்னால வந்து நின்னேன். வாய் வரல. நாளைக்கு நாளைக்குன்னு நாலு வருஷம் போயிருச்சு.

— வாட்ச்சை ஏன் கொண்டுபோய்க் குடுத்தீங்க?

— கல்லுப் பெட்டிக்கு அடியில வச்சிருந்தேன். போன மாசம் நீ அந்தப் பெட்டியைக் குடைஞ்சப்ப எனக்கு உசுரே நின்னுருச்சு. உடைச்சுப் போட்டுடலாம்னு சுத்தியலை எடுத்தேன். தினம் நாலு டயல் என் கையில உடையுது, இது மேல மட்டும் கை இறங்கல. கண்ணாடி மாத்தினேன். முகம் தெரியாத எவனாவது கட்டிக்கட்டும்னு கொண்டுபோய்க் குடுத்தேன். நீ அங்க போய் நிப்பேன்னு நான் கண்டேனா?

— அப்ப அந்த மெசேஜ்?

— நான்தான். தனியா ஒரு சிம் வாங்கினேன். முதல் மெசேஜுக்கு நீ அவ்வளவு பெருசா பதில் போட்டிருந்த. அதைப் படிச்சதுக்கப்புறம் நிறுத்த முடியல. உன்னை ஏமாத்திட்டேம்மா.

— நீங்க ஏமாத்தல. அனுப்புறது நீங்கன்னு முதல் மாசமே எனக்குத் தெரியும்.

— தெரியுமா?

— மாத்திரை போட்டியாம்மான்னு கேட்டிருந்தீங்க. எனக்கு ஆப்பரேஷன் நடந்ததே அவனுக்குத் தெரியாது. நான் பதில் அனுப்பின மறு நொடி உங்க சட்டைப் பையில டிங்குன்னுச்சு.

— தெரிஞ்சுக்கிட்டா நாலு வருஷம் பதில் போட்ட?

— அவன் நம்மளைத் தலைமுழுகிட்டான், அது எனக்குத் தெரியக்கூடாதுன்னுதான் இந்த மனுஷன் இப்படிக் கெடந்து கஷ்டப்படுறாருன்னு நெனச்சேங்க. தலைமுழுகினவன் எங்கயோ உசுரோட இருக்கான்ல, எனக்கு அது போதும்னு இருந்தேன்.