வெயில் நாளில் நனைந்த மைதானம்

புல்லுக்கு விடியற்காலையில்தான் தண்ணீர் விட வேண்டும், மேடம். சாயங்காலம் விட்டால் ராத்திரி முழுக்க ஈரம் நின்று பூஞ்சை பிடித்துவிடும். உங்கள் வீட்டு வாசலில் புல் மஞ்சளடித்துப் போகிறது என்று சற்று முன்பு சொன்னீர்களே, அதற்காகச் சொல்கிறேன். வக்கீல் வேண்டுமானால் வரவழைக்கலாம் என்றும் சொன்னீர்கள். எதற்கு அவருக்கு வீண் சிரமம்? மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. உங்கள் போலீஸ் ஸ்டேஷன் காபியும் நன்றாகவே இருக்கிறது.

கோல்டர் கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் மைதானத்துப் புல் என் பொறுப்பு. அலபாமாவில் எத்தனையோ மைதானம் உண்டு. அதில் ஒன்று என் கையால் வளர்ந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. எங்கள் அணிக்குக் கோவேறுகள் என்று பெயர் வைத்தவன் விவரமானவன். கோவேறு கழுதை துள்ளாது, பறக்காது. நின்ற இடத்தில் நிற்கும். தள்ளினால் உதைக்கும். கோச் மாடாக்ஸ் ஆடவைத்த ஆட்டமும் அதேதான். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முட்டி முட்டி நகர வேண்டும். நகர முடியாவிட்டால் பந்தை எதிராளியிடம் கொடுத்துவிட்டு, இப்போது நீ வா பார்க்கலாம் என்று குனிந்து நிற்க வேண்டும். தடுப்புதான் எல்லாம். பத்துக்கு ஏழு என்று ஜெயித்துவிட்டு, மனுஷன் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து தூங்குவார்.

வேகமாக ஓடும் அணி ஏதாவது எங்கள் ஊருக்கு ஆட வருகிறது என்றால், முந்தின நாள் மைதானத்தின் ஓரமாக வந்து நிற்பார். தலைக்கு மேல் பஞ்சு அளவுக்குக்கூட மேகம் இருக்காது.

"எமரி, மழை வர்ற மாதிரி இருக்கே?"

"ஆமா கோச். நல்லா வரும்போலத்தான் இருக்கு."

அவ்வளவுதான் பேச்சு. நான் குழாயைத் திறந்துவிடுவேன். புல்லையும் வெட்டாமல் விடுவேன். மறுநாள் அந்த ஓட்டக்காரர்கள் சேற்றுக்குள் இறங்கிய வாத்து மாதிரி தத்தளிப்பார்கள். எங்கள் பையன்களுக்கு அது பழகிய சேறு. எதிரணிக் கோச் ஒருவர் போகிற போக்கில், "உங்க ஊர்ல மழை வேலிக்கு உள்ள மட்டும்தான் பெய்யுமா?" என்று கேட்டார். மாடாக்ஸ் தொப்பியைக் கழற்றி, "கடவுள் கோவேறு கட்சிங்க" என்றார். ஊரே சிரித்தது. அதைக் குற்றம் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு மாடாக்ஸை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பழைய மாணவர்களில் பணக்காரர்கள் நாலு பேர் கூடி, இந்த ஆட்டத்தைப் பார்ப்பதற்குப் பெயின்ட் காய்வதைப் பார்க்கலாம் என்று தீர்மானித்துவிட்டார்கள். டெக்ஸஸிலிருந்து கிம்ப்ரோ என்று ஒருவர் வந்தார். என் மகன் வயது. உச்சி மூடாத தொப்பி, வாயில் எந்நேரமும் சூரியகாந்தி விதை. அவருக்குத் தாக்குதல்தான் எல்லாம். எறி, எறி, மறுபடியும் எறி. ஒரு எறி முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் பையன்கள் கூடிப் பேசக்கூட நேரம் தர மாட்டார். முதல் நாளே என்னிடம் வந்தார்.

"மிஸ்டர் எமரி, உங்க புல்லு பிரமாதம். ஆனா மேய்ச்சல் நிலம் மாதிரி இருக்கு. சமையலறைத் தரை மாதிரி வேணும், செய்வீங்களா?"

செய்தேன். சொன்ன வேலையைச் செய்யாதவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

மேவிஸ் கடையில் காலையில் பிஸ்கட் ரொட்டியும் குழம்பும் தின்ன வருகிற கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. தபால்காரர் ராய்ஸ் கிம்ப்ரோ கட்சி.

"போன வாரம் ஐம்பத்திரண்டு புள்ளி அடிச்சோம்யா! மாடாக்ஸுக்கு ஒரு வருஷம் ஆகும் அதுக்கு."

"நாப்பத்தெட்டு வாங்கினோமே, அதையும் சொல்லு" என்றேன்.

"ஜெயிச்சோமா இல்லையா?"

"கதவைத் திறந்து போட்டுட்டு, திருடினவன் வீட்டுல போய் நாமளும் திருடிட்டு வர்றதுக்குப் பேரு ஜெயிப்பா?"

"உங்க கோச் ஆட்டம் மட்டும் என்னவாம்? அது மேட்ச்சா, சவ ஊர்வலமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டில் லர்லீன் கூட மாறிவிட்டாள். முன்பெல்லாம் ஆட்டத்துக்கு வந்தால் கம்பளி பின்னிக்கொண்டு இருப்பாள். இப்போது ஊசியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்று கத்துகிறாள். "உமக்குப் பொண்டாட்டி நானா, அந்த மாடாக்ஸா?" என்று கேட்டாள். "அந்த ஆளு நிம்மதியா மீன் பிடிச்சிக்கிட்டு இருக்காரு. நீர்தான் துக்கம் காக்குறீர்."

அவளுக்குப் புரியாது. தடுப்பு என்பது ஆட்டத்தின் ஒரு பாதி இல்லை, மேடம். அது ஒழுக்கம். அதை மறந்த ஊர் என்ன ஆகும் என்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. யாராவது காட்ட வேண்டியிருந்தது.

ஆகவே ஓர் ஆட்டத்துக்கு முன்னால் குழாயைத் திறந்தேன். இந்த முறை யாரும் மழையைப் பற்றிக் கேட்கவில்லை. நானாகத்தான். தண்ணீர் கட்சி பார்ப்பதில்லை. இரண்டு அணிக்கும் ஒரே ஈரம். வேகத்தை நம்பினவன் வழுக்குவான், அவ்வளவே. அன்று தோற்றோம். மேவிஸ் கடையிலிருந்து ராய்ஸ் தபால் பையைத் தூக்கிக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிட்டார். பிஸ்கட் அன்று நல்ல ருசி.

கிம்ப்ரோ வந்து பூட்ஸ் முனையால் மண்ணைக் கிளறிப் பார்த்தார்.

"மழை பேஞ்சுதா மிஸ்டர் எமரி?"

"தூறல்தாங்க."

கோபப்படவில்லை. அடுத்த வாரமே பையன்கள் எல்லோருக்கும் நீளமான ஆணி வைத்த பூட்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டார். ஈரத்தில் தரையைக் கவ்விக்கொண்டு ஓடினார்கள். மறுபடி ஜெயித்தார்கள். இதை உங்களிடம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் சின்னதாகத்தான் தொடங்கினேன். அதோடு விட்டிருக்கலாம். அவர்தான் விடவில்லை.

ஜேரியஸைப் பற்றிக் கேட்டீர்கள். பந்து எறிகிற பையன். நல்ல பிள்ளை. மோபில் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை, அம்மா ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அந்த அம்மா ஒரு பழைய வாணலியும் கரண்டியும் கொண்டுவந்து, மகன் பந்தை எறியும்போதெல்லாம் தட்டுவார். பையன் பயிற்சி முடிந்து போகும்போது, தான் பெயர்த்த புல்லைத் தானே காலால் அமுக்கிவிட்டுப் போவான். வேறு எவனும் அதைச் செய்ததில்லை. "மிஸ்டர் எமரி, எனக்குக் கல்யாணமானா உங்க புல்லு மேலதான்" என்பான். அவன் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. நெருக்கினால் வலப்பக்கமாக ஓடுவான். ஓடி, வலது காலை ஊன்றி, நின்று எறிவான். ஆற்றைப் பார்த்த பக்கம், எங்கள் பையன்கள் உட்காரும் பெஞ்சுக்கு எதிரே, ஒரே இடத்தில்தான் பெரும்பாலும் ஊன்றுவான். அங்கே புல் எப்போதும் தேய்ந்து கிடக்கும். அதை நான்தான் ஒட்டுப்போட்டுக் கொண்டிருந்தேன்.

கடைசி ஆட்டம் எங்கள் ஊரில். ஜெயித்தால் கிம்ப்ரோவுக்கு நீண்ட ஒப்பந்தம் என்று பேசிக்கொண்டார்கள். அப்படி நடந்தால் கோச் மாடாக்ஸுக்குக் கதவு ஒரேயடியாகச் சாத்தியாகிவிடும். தோற்றால் அந்தப் பணக்காரர்கள் யோசிப்பார்கள். அதனால் முந்தின ராத்திரி புல் பெயர்க்கும் எந்திரத்தை அந்த இடத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். மேல்புல்லைத் தோல் உரிப்பதுபோல் வேரோடு அறுக்கும் கருவி அது. ஒரு பாய் அகலத்துக்கு அறுத்து, எடுக்காமல் அப்படியே படுக்கவைத்தேன். அடியில் நன்றாகத் தண்ணீர் விட்டேன். மேலிருந்து பார்த்தால் பச்சைப்பசேல் என்று இருக்கும். எவ்வளவு நீள ஆணியாக இருந்தாலும், வேர் இல்லாத புல்லில் எதைப் போய்க் கவ்வும்?

என் கணக்கு சாதாரணமானது. கால் வழுக்கும், பந்து கோணலாகப் போகும், எதிராளி பிடித்துக்கொள்வான். தாக்குதலை நம்பினால் இதுதான் கதி என்று ஊர் பார்க்கும். அடுத்த மாதம் எல்லோரும் என்னை வந்து கும்பிடாவிட்டாலும், மாடாக்ஸை வந்து கும்பிடுவார்கள்.

காலையில் பையன்கள் மைதானத்தைச் சுற்றி நடந்து பார்ப்பது வழக்கம். ஜேரியஸ் காதில் பாட்டோடு வந்தான். நேரே அந்த இடத்துக்குத்தான் போனான். கால் வைக்கப்போகும்போது கூப்பிட்டேன்.

"தம்பி, அங்க மிதிக்காதே. கோட்டுல பெயின்ட் காயல."

"சாரி மிஸ்டர் எமரி" என்று சொல்லி, சுற்றிக்கொண்டு போனான். மரியாதை தெரிந்த பிள்ளை என்றேனே.

ஆட்டத்தின் மூன்றாவது கால் பகுதியில் நடந்தது. எதிராளிகள் நெருக்கினார்கள், அவன் வலப்பக்கம் ஓடினான், காலை ஊன்றினான். புல், மேசைவிரிப்பை இழுத்ததுபோல் வந்துவிட்டது. தலை முன்னால் கவிழ்ந்து விழுந்தான். அவன் இடுப்பைப் பிடிக்கப் பாய்ந்த ஒரு பெரிய பையனின் தோள், இடுப்பு இருந்திருக்க வேண்டிய இடத்தில் அவன் உச்சந்தலையைச் சந்தித்தது. அந்தப் பையனைத் தப்பு சொல்ல முடியாது. தடுப்பு முறையில் அது அருமையான பாய்ச்சல். தாழ்ந்து, நேராக, சாய்வில்லாமல். நான் மனதுக்குள் பாராட்டினேன்.

பந்து கோணலாகத்தான் போனது. எதிராளி பிடித்துக்கொண்டான். அதுவரை என் கணக்கு சரியாகவே இருந்தது.

வாணலிச் சத்தம் நின்றுவிட்டது. அந்த அம்மா வேலி தாண்டி ஓடிவந்தார். பையன் எழவில்லை. கிம்ப்ரோ பக்கத்தில் மண்டியிட்டு, "அசையாதே கண்ணு, அசையாதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவன் அசையவில்லை என்பதைக் கவனிக்காமலேயே சொல்லிக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் போன பிறகு நான் போய்ப் பெயர்ந்த புல்லை எடுத்துப் போட்டுக் காலால் அமுக்கிவிட்டேன். வேறு யாருக்காவது கால் தடுக்கிவிடக் கூடாது பாருங்கள்.

தோற்றோம். கிம்ப்ரோவை யாரும் அனுப்ப வேண்டியிருக்கவில்லை. தானாகவே விலகிக்கொண்டார். விதை மெல்லுவதைக்கூட நிறுத்திவிட்டாராம். கல்லூரி, கோச் மாடாக்ஸையே திரும்பக் கூப்பிட்டது. ஆட்டம் முடிந்த மூன்றாம் நாள் அவர் மைதானத்துக்கு வந்தார். நான் சவரம் செய்துகொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

என்னை அவர் பார்க்கவில்லை. நேரே அந்த இடத்துக்குப் போய், குனிந்து, புல்லை விரல்களால் தூக்கினார். வாழை இலை மாதிரி மடங்கி வந்தது.

"எமரி, வேரு கத்தி வச்ச மாதிரி நேரா அறுந்திருக்கே?"

"அகழான் எலிங்க கோச். இந்த வருஷம் ஜாஸ்தி."

புல்லைப் பழையபடி படுக்கவைத்தார். பிறகு சொன்னார்: "கிம்ப்ரோவைக் கூட்டியாங்கன்னு அவங்ககிட்டச் சொன்னதே நான்தான்யா. இந்தப் பையனை அந்த ஆளு எறிய வைப்பாருன்னு நம்பினேன். நானா இருந்தா இவன் கையைக் கட்டிப்போட்டிருப்பேன்."

என் மனசு நோகக் கூடாது என்பதற்காகச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். பெரிய மனுஷன். தன்னை அனுப்பினவர்களைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார். "பரவாயில்லீங்க கோச், நீங்க திரும்பி வந்துட்டீங்களே" என்றேன்.

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "நான் வரல, எமரி" என்றார். காரில் ஏறி நேரே உங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறார். அதிர்ச்சியில் அப்படிச் செய்திருப்பார். கொஞ்சம் ஆறட்டும், பேசிக்கொள்கிறேன்.

ஆமாம், அறுத்தது நான்தான். தெரிந்தேதான் அறுத்தேன். அவன் காலையில் மிதிக்கப் போனபோது தடுத்ததும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஜேரியஸுக்குக் கழுத்துக்குக் கீழே உணர்ச்சியே இல்லை என்று டாக்டர்கள் சொல்கிறார்களாம். டாக்டர்கள் அப்படித்தான் பயமுறுத்துவார்கள். வயசுப் பையன், வசந்தகாலப் பயிற்சிக்குள் எழுந்துவிடுவான். எழுந்து வந்ததும் அவனைத் தடுப்பில் போடச் சொல்லுங்கள், மேடம். அங்கே இவ்வளவு ஓட வேண்டியிருக்காது.